தமாத்தியின் பூட்டு

"மெஷினுக்குள்ள இறங்குறதுக்கு முந்தி மெயின் சுவிட்சை அணைச்சு அதுல உங்க பூட்டைப் போடுங்க. தமாத்தி அன்னைக்குப் பூட்ட மறந்துட்டார். யாரோ சுவிட்சைப் போட்டுட்டாங்க."

ரொட்டோருவா பக்கத்து மர ஆலைகளில் ஒரு வருடமாக இதையே சொல்லிவந்த மராமா, கணவன் தமாத்தி செத்த ஆலையிலும் இன்று சொல்லி முடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் எலெக்ட்ரீஷியன் பெட்டெலோ தயங்கி வந்தான்.

"அக்கா, அவர் மறக்கல. பழைய சுவிட்சுப் பெட்டியைக் கழட்டினப்ப இது பின்னாடி கிடந்துச்சு."

தமாத்தி என்று பெயர் பொறித்த பூட்டு. பூட்டியபடியே இருந்தது, வளையம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

"யார் வெட்டினது?"

"பூட்டை வெட்டுற கத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்டதான் இருக்கும். அன்னைக்கு சூப்பர்வைசர் உங்க கொழுந்தன் ராவிரி."

வெளியே ராவிரி அவளுக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"நல்லாப் பேசினீங்க அண்ணி. நான் எழுதிக் குடுத்ததுல ஒரு வார்த்தைகூட விடல."