போகாத தங்கை

அக்கா இறந்த செய்தி வந்தபோது அவள் ஓட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடல் தாண்டிய ஊர். விடுப்பு கிடைக்கவில்லை. அத்தான் வீடியோவில் காட்டிய முகத்தைப் பார்த்து, விரிப்புக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மறுவாரம் சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவைக் கூப்பிட்டாள். "மன்னிச்சிடும்மா. கடைசியா முகம் பாக்கக்கூட என்னால வர முடியல."

"கடைக்குப் போனவ சீக்கிரம் வராம என்னடி உளர்றே? நீ வந்து பக்கத்துல இருக்கறதாலதான் நான் ஒரு வாய் சாப்பிடறேன்."

துக்கத்தில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளுக்குப் பகீரென்றது. "அத்தான்கிட்ட குடும்மா."

அத்தான் வாங்கினார். "கடையிலதானே இருக்கே?"

"இல்ல அத்தான். நான் ஊருக்கே வரலையே."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "யாருங்க நீங்க? சாவு வீட்ல விளையாடாதீங்க. என் மச்சினி இதோ பையோட உள்ள வர்றா."

போன் கைமாறியது.

"இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

அது அவளுடைய குரல். அழுது கம்மிப்போயிருந்ததுகூட அப்படியே இருந்தது.

அந்தக் குரல் அப்பால் திரும்பி அம்மாவிடம் ஏதோ சொன்னது. அம்மா சிரித்தாள். அக்கா போனபின் அம்மா சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.