தானா ஏறுன வளையல்

ஏட்டி செவ்வந்தி, நீ அனுப்புன வளைகாப்பு வீடியோவப் பாத்தேன். ரொம்பச் சின்ன சைஸு, டக்குனு வந்துட்டு. ஏதோ ஒரு ஆப்புல வேண்டாத ஆளுங்களுக்கு டிக் அடிச்சா, அதுவே அவங்கள வீடியோலருந்து எடுத்துட்டு ஃபைலச் சுருக்கித் தருமாமே?

அன்னிக்கு உன் மாமியாக்காரி, "தாலியறுத்தவ மொத வளையல் போடலாமா?"ன்னு முறைச்சா. நீதான், "எங்க ஆச்சிதான் போடணும்"னு கைய நீட்டுன. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

வீடியோல நான் இல்ல. கண்ணாடி வளையல் தானா மிதந்து வந்து உன் கையில ஏறுது. சுத்தி எல்லாரும் கை தட்டுதாங்க.

உன் மாமியா வேலைன்னுதான் நெனச்சேன். ஆனா வீடியோவுக்குக் கீழ, சுருக்குனவங்கன்னு உன் பேருல்லா போட்டிருக்கு.

நான் இடத்த அடைக்குதேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ஓரமாவே நின்னுருப்பேனேட்டி.