வனமாந்தருக்குக் கவசம் இல்லை

ஒரு உயிரின் விலை முந்நூறு பொற்காசு. விசுவமடுவில் நண்பர்கள் ஞாயிறுதோறும் பகடை உருட்டி ஆடும் கற்பனைப் போரில், இரும்புக் கவசத்துக்கு அதுதான் விலை.

"கெதியாத் தாரும், டிராகன் வருது!" என்றான் லக்ஷன். ஆட்டத்தில் அவன் இரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த வீரன், வனமாந்தர் இனம்.

ஆட்டத்தை நடத்தும் கஜேந்தினி கையை விரித்தாள். "வனமாந்தருக்கு இரும்பு விக்கிறேல்லை."

"காசு இருக்கப்பா!"

"இருக்கட்டும். பிறப்புச் சரியில்லை."

பகடை உருண்டது. டிராகன் நெருப்பைக் கக்கியது.

"பிறப்பைப் பாத்தே கவசம் குடுக்கிறது? இந்த விசர்ச் சட்டம் ஆர் போட்டது?"

"உம்மட அம்மா. உமக்கும் எனக்கும் கலியாணம் பேச வந்த எங்கட அப்பாவை, மலைநாட்டு ஆக்கள் எண்டு படலையோட திருப்பி அனுப்பேக்க, நீர் பக்கத்தில போன் நோண்டிக்கொண்டு நிண்டனீர்."

அவனுடைய உயிர்ப்புள்ளி முப்பதிலிருந்து முப்பதைக் கழித்து, கீழே இரட்டைக் கோடு போட்டாள்.