மணலுக்கு அந்தப் பக்கம்

இரண்டாவது வரிசையின் கடைசிக் கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், வசமாக மாட்டிக்கொண்டோம் என்று கண்டக்டருக்கு உறைத்தது.

முதுகுக்குப் பின்னால் மதில் சுவர். காலுக்கடியில் இரண்டே வரிசை பேவர் கல். முன்னால், வீட்டுப் படிவரைக்கும் ஐந்தடி மணல். இனிமேல் தேவைப்படாத இரட்டைக் கட்டிலிலிருந்து கழற்றிய ஆறடிப் பலகையால் காலையில் இரண்டு மணி நேரம் இழுத்து இழுத்து, தண்ணீர் தேங்காதபடி லேசாகச் சரிவும் கொடுத்து, அவரே சமப்படுத்திய மணல்.

அதில் ஒரு கால் வைத்தால் போதும், அத்தனையும் பாழ்.

மிச்சக் கற்களோ மதிலுக்கு வெளியே சந்தில், லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போன இடத்திலேயே கிடந்தன. இரண்டு வரிசைக்கு வேண்டியதை மட்டும் முன்கூட்டியே சுமந்து வந்து அடுக்கியிருந்தார். மீதியைப் பற்றி யோசிக்கவே இல்லை. முதல் தடவை கல் பதிக்கிறவருக்கு அவ்வளவுதான் புத்தி போகும்.

மதில் நெஞ்சளவு உயரம். ஏறிக் குதிக்கிற வயதெல்லாம் எப்போதோ போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று தேய்ந்த முட்டி.

அந்த முப்பத்திரண்டு வருஷமும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டே இருந்த வாய். ரிட்டயர் ஆனபிறகு அதற்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்து சாப்பிட்டீங்களாப்பா என்பான், இவர் சாப்பிட்டேன் என்பார், முடிந்தது. புதன்கிழமை வாக்கில், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே தொண்டையைச் செருமிக்கொள்வார்.

வெளியே உட்கார ஓர் இடம் இருந்தால் யாராவது வந்து உட்காருவார்கள் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கல், இந்த மணல், கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கும் இரண்டு நாற்காலிகள். எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது, இரண்டு என்று சொல்ல அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

சந்துக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் அங்கே குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரும் தனி ஆள். ஊரில் யார் யாருக்கு என்ன இடுப்பளவு என்பது அவருக்கு மனப்பாடம், எதிர்வீட்டுக்காரர் பேர் மட்டும் தெரியாது. இருவருக்கும் இடையில் இதுவரை நடந்ததெல்லாம் வெறும் தலையாட்டல்தான்.

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலடியைப் பார்த்தார். அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு மதிலைப் பார்க்கத் திரும்பி, பஸ்ஸில் கொடுத்த அதே குரலைக் கொடுத்தார். "டெய்லர் சார்! ஒரு கை குடுக்கறீங்களா? இங்க நல்லா மாட்டிக்கிட்டேன்!"

மிஷின் நின்றது.

டெய்லர் கழுத்தில் தொங்கும் டேப்போடு வந்து மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மணலைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், மதிலடியைப் பார்த்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.

கண்டக்டர் மதிலுக்கும் மணல் விளிம்புக்குமாக நடந்து நடந்து பதித்தார். கல் ஏற ஏறப் பேச்சும் ஏறியது. கடைசி சீட்டில் தூங்கிப்போய், ஒரே பஸ்ஸில் மூன்று தடவை ஊருக்கும் டிப்போவுக்கும் போய்வந்த ஆளைப் பற்றி இவர் சொன்னார். அளவு கொடுத்து ஆறு மாதம் கழித்து வந்து, சட்டை சுருங்கிவிட்டதென்று சண்டை போட்ட தொப்பைக்காரரைப் பற்றி அவர் சொன்னார். சிரித்ததில் கண்டக்டருக்குப் புரையேறியது. ஒருமுறை டெய்லர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, நாலாவது வரிசை நூலளவு கோணல் என்றார். அதை முழுசாகப் பிரித்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது. கண்டக்டர் சந்தோஷமாகப் பிரித்தார்.

மாலை வெயில் இறங்கும்போது பாதி இடம் கல்லாகியிருந்தது. டெய்லர் கையைத் தட்டித் தூசியை உதறினார்.

கண்டக்டர் சுத்தியலைக் கீழே வைக்காமலே நின்றார். இனி அவர் போய்விடுவார். நாளைக்கும் இதே மாதிரி மாட்டிக்கொண்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

டெய்லர் சந்து வழியாகச் சுற்றி வந்து, வீட்டுப் படிப் பக்கமிருந்த வாசல் கேட்டைத் திறந்தார். அந்தக் கேட் வழியாக ஒரு மனிதர் உள்ளே வந்து எத்தனை மாதமாயிற்று என்று கண்டக்டர் கணக்குப் போடுவதற்குள், அவர் படியில் வந்து நின்றுவிட்டார்.

"காலைலேருந்து கண்ணுலயே படாத மாதிரி தாண்டித் தாண்டிப் போறீங்களே, அந்தப் பலகை. அத இப்படித் தள்ளுங்க."

கண்டக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மதிலடியில் கிடந்த பலகையை எடுத்துத் தள்ளினார். ஒரு முனை கல்லிலும் மறுமுனை படியிலும் உட்கார்ந்தது. நாலே எட்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டார். மணலில் ஒரு கோடுகூட விழவில்லை.

காலையிலேயே இப்படி வந்திருக்கலாம். அது காலையிலேயே அவருக்குத் தெரியும். முதல் கல்லை நீட்டும்போதே டெய்லருக்கும் தெரிந்திருக்கிறது.

அசடு வழிய ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெய்லர் அதற்கு நிற்கவில்லை. பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்க்க நடந்தார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும், அண்ணே," என்றார் திரும்பாமல். "நாளைக்கு நான் கொண்டு வந்தாத்தானே நீங்க அந்தப் பக்கம் போக முடியும்?"