அவளுக்கென்று ஒரு கிண்ணம்

"நீ உட்காரு. இன்னைக்கு அடுப்படி என்னோடது" என்று தேஷெங் சொன்னதும் சுன்யானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர்கூடப் போட்டறியாத மனுஷன். ஷென்சென் தொழிற்சாலையிலிருந்து இந்தப் புத்தாண்டுக்கு வந்தபோது ஆளே மாறியிருந்தான். பிரிந்திருந்தால்தான் பெண்டாட்டி அருமை தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காய்ந்த மிளகாயை எண்ணெயில் கொட்டினான். மாடி முழுக்கத் தும்மியது. எதிர்வீட்டு லியாவ் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, உன் புருஷனுக்கும் காது மெத்துன்னு ஆகி, பொண்டாட்டி பேச்சுக்கு ஆட ஆரம்பிச்சுட்டானா? பொண்டாட்டிக்குச் சமைச்சுப் போடறானே!"

"கண்ணு வைக்காதீங்கக்கா!"

வாணலியைத் தூக்கிக் கோழித்துண்டுகளை லாகவமாகச் சுண்டிப் புரட்டினான் தேஷெங்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்றாள் சுன்யான்.

"எல்லாம் ஃபோன்ல பார்த்துத்தான்."

பூண்டைக் கத்தியால் நசுக்கி, நல்லெண்ணெயும் சோயா சாஸும் மிளகாய்த்தூளும் சேர்த்து, தொட்டுக்கொள்ள இரண்டு கிண்ணங்களில் கலந்தான். ஒன்றில் கொத்தமல்லியை அள்ளிப் போட்டான். மற்றதை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உனக்குக் கொத்தமல்லி போடல. அந்த வாசனையே உனக்கு ஆகாதே, எனக்குத் தெரியாதா?"

சுன்யான் எழுந்து பால்கனிக்குப் போனாள். அங்கே தனக்கென்று ஆசையாக வளர்க்கும் தொட்டியிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லியைப் பிடுங்கி வந்து, தன் கிண்ணம் நிறையக் கிள்ளிப் போட்டாள்.

"யாருக்கு ஆகாது, தேஷெங்?"