இசைத்தட்டில் ஒரு பெருமூச்சு

கிளாரினெட்காரர் தன் முப்பதாவது கல்யாண நாளில் அந்த இசைத்தட்டை மூவாயிரத்து முந்நூறாவது தடவையாகப் போட்டார். கிளாரினெட்டும் புல்லாங்குழலும் கொஞ்சிக் குலவும் காதல் இசை. வாசித்தவர்கள் அவரும், பிறகு அவருக்கு மனைவியானவரும். பதிவு செய்த புண்ணியவான் நான்.

“இந்த இடம்தாண்ணே! வாசிச்சு முடிச்சதும் ஒரு பெருமூச்சு விடறா பாருங்க. எனக்காக! இதைக் கேட்டுட்டுத்தான் மறுநாளே கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, வெட்கப்படுவா.”

முப்பது வருடமாக இந்த வீட்டு விருந்தை மூக்குப்பிடிக்கத் தின்று, கூடவே ஓர் உண்மையையும் விழுங்கி வருகிறேன். இனி ஒரு கவளம்கூட இறங்காது. நேரே சமையலறையில் இருந்த அவர் மனைவியிடம் போனேன்.

“தங்கச்சி, மன்னிச்சிடும்மா. அந்தத் தட்டுல கேக்கற பெருமூச்சு, மைக் பக்கத்துல நின்னு நான் விட்ட கொட்டாவி. வெட்டி எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுட்டேன்.”

அவர் அடுப்பை அணைத்தார்.

“என்னண்ணே சொல்றீங்க? எனக்காக அவர் விட்டதுன்னு நினைச்சுத்தானே நான் சரின்னே சொன்னேன்!”

“ரெண்டு பேரும் வாங்க, மறுபடி போடறேன்!” என்றது கூடத்துக் குரல்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம். அசல் பெருமூச்சு. பதிவு செய்யத்தான் ஆளில்லை.