பரவால்லீங்க

குடையை மடக்கச் சொன்னார்கள். அவள் மடக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மடக்கிருங்க. ஆய்வுக்கு வர்றவங்க லிஃப்ட்ல ஏறியாச்சுங்க" என்றார் ஜெகதீசன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர். முகமெல்லாம் வியர்வை. அந்த ஏசியிலும்.

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கறுப்புக் குடை. மேசை மேல், கண்ணாடிச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில், விரித்தபடி சாய்ந்திருந்தது.

இது பசுமைக் கட்டடம். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்குச் சான்றிதழ் வாங்கியது. அவிநாசி சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பகலில் விளக்கே வேண்டாம். மேற்கே மலை தெரியும். சான்றிதழ்க் கணக்கில் வெளிச்சத்துக்கு ஒரு மதிப்பெண், மலைக்கு ஒரு மதிப்பெண்.

மத்தியானத்துக்கு மேல் அந்த மலைப் பக்கமிருந்து வெயில் நேரே அவள் முகத்துக்கு வரும்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வெயில் கண்ணில் விழுந்தால் பாதி மண்டை இடிக்கும். சாயங்காலம் கழிவறையில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இப்படியே போனால் வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

விடமாட்டாள். அவள் விரும்பிச் செய்கிற வேலை.

திரைச்சீலை கேட்டாள். திரை போட்டால் வெளிச்சத்தின் மதிப்பெண் போய்விடுமாம்.

இடம் மாற்றக் கேட்டாள். இடமில்லை. முன்பு அவள் பக்கத்தில் இரண்டு தொட்டிச் செடிகள் இருந்தன. இலை கருகுகிறது என்று அவற்றை உள்ளே நிழலுக்கு மாற்றினார்கள். செடிக்கு இடம் இருந்தது.

போன தடவை சான்றிதழுக்காக ஒரு பெண் வந்து எல்லோரிடமும் கருத்துக் கேட்டாள். இங்கே வெளிச்சம், காற்று, சூடு எல்லாம் எப்படி இருக்கிறது?

"பரவால்லீங்க" என்றாள் இவள்.

வேறென்ன சொல்வது? ஊர் அப்படி. காலை மிதித்தாலும் பரவால்லீங்க. காப்பியில் சர்க்கரை போட மறந்தாலும் பரவால்லீங்க. வந்து கேட்டவர்கள் மனம் நோகக்கூடாது.

பிறகு லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இங்கே பணிபுரிவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திருப்தி.

அந்தத் தொண்ணூறில் தானும் ஒருத்தி என்று புரிந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. ஜெகதீசன் மேல் இல்லை. தன் வாய் மேல்.

மறுநாள் குடையோடு வந்தாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விரித்தாள்.

இன்று மத்தியானம் சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வாளர் வருகிறார்.

லிஃப்ட் திறந்தது. சென்னையிலிருந்து வந்த அம்மாள். கையில் டேப்லெட், நல்ல புன்னகை. வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வரிசையாகப் பரவால்லீங்க. ஒவ்வொன்றுக்கும் விரல் 'திருப்தி' என்ற ஒரே கட்டத்தில் விழுந்தது.

அவள் மேசைக்கு வந்தார். குடையைப் பார்த்தார். ஜெகதீசனைப் பார்த்தார்.

ஜெகதீசன் மலையைப் பார்த்தார்.

அவள் கணினியிலிருந்து கையை எடுத்தாள். வேலை போனாலும் போகட்டும், அந்தச் சொல் மட்டும் இன்று வாயில் வராது.

குடையை அவளே மடக்கினாள். ஜெகதீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சித்த உக்காருங்க மேடம்."

"மேடத்துக்கு நேரமில்லீங்க" என்றார் ஜெகதீசன்.

அதற்குள் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

வெயில் அவர் முகத்தில் ஏறியது. கண் சுருங்கியது. கை தானாக நெற்றிக்குப் போனது. டேப்லெட்டில் எழுத்தே தெரியவில்லை போலும், இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு மடியில் கவிழ்த்து வைத்தார்.

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றிருந்தது.

ஜெகதீசன் குனிந்தார். "சிரமமா இருக்குங்களா மேடம்?"

"பரவாயில்லை" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இத எந்தக் கட்டத்துலீங்க போடுவீங்க?"

அந்த அம்மாள் கண்ணைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவள் அவசரப்படவில்லை. வெயில் இறங்க இன்னும் வெகுநேரம் இருந்தது.